தண்ணிக்கேட்டுத் திலகம்

கோலசிலாங்கூரிலிருந்து செகிஞ்சானுக்குப் போகிற சாலையில், கடல் பக்கமாகப் பிரியும் கல்ரோட்டின் கோடியில் இருந்தது அந்தத் தோட்டம். பலகையில் கம்பெனி வைத்த பெயர் ஒன்று இருந்தாலும் சனங்கள் அதைப் பண்டுத் தோட்டம் என்றுதான் சொன்னார்கள். கடல் உள்ளே வராமல் தடுக்க எழுப்பிய நீண்ட மண்கரைதான் பண்டு. கரைக்கு இந்தப் பக்கம் எண்ணெய்க்காக வளர்க்கும் செம்பனை மரங்கள். அந்தப் பக்கம் சேறு, சேற்றைத் தாண்டி பாக்காவ் என்கிற அலையாத்திக் காடு, காட்டைத் தாண்டி எங்கேயோ கடல். கடல் கண்ணுக்குத் தெரியாது. தண்ணீர் மட்டும் வேர்களுக்கு நடுவே சத்தமில்லாமல் ஏறி வரும். அப்படியே இறங்கிப் போகும்.

பண்டின் நடுவில் ஒரு தண்ணிக்கேட்டு. தண்ணீர் வற்றும்போது இரும்புச் சக்கரத்தைச் சுற்றிப் பலகையைத் தூக்கினால் தோட்டத்து மழைநீர் வெளியே ஓடும். ஏற்றம் தொடங்கும் முன் பலகையை இறக்கிவிட வேண்டும். தவறினால் உப்புத்தண்ணீர் உள்ளே புகுந்து மரங்களின் வேரைக் கொன்றுவிடும். இதைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆள், அவருக்குக் கேட்டுக்குப் பக்கத்திலேயே தனியாக ஒரு பலகை வீடு.

அந்த வேலையில் முன்பு இருந்தவர் சேது. ஒரு மத்தியானம், கரையில் புல் வெட்டிக்கொண்டிருந்த பெண்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, யாரோ கூப்பிட்டதுபோல “தோ வர்றேன்” என்று சொல்லிவிட்டு அவர் சேற்றுப் பக்கம் இறங்கினார். பாக்காவ் மரங்களுக்குள் நுழைந்தார். அவ்வளவுதான். தேடிப் போனவர்களுக்கு அவருடைய சட்டை மட்டும் கிடைத்தது. மடித்து வைத்ததுபோல ஒரு வேரின் மேல் இருந்தது.

அதற்குப் பிறகு கரையோரம் வேலை செய்கிறவர்கள் பெயர் சொல்லி யாராவது கூப்பிட்டால் உடனே பதில் சொல்வதை விட்டுவிட்டார்கள். தலையைத் தூக்கி, கூப்பிட்டவர் முகம் தெரிந்த பிறகுதான் வாயைத் திறப்பார்கள். தெரிந்த குரலாகவே இருக்கும் என்பதுதான் அதில் பயங்கரம். மதினி குரல், வேலை வாங்குகிற மண்டோர் குரல், பக்கத்து வரிசையில் பழம் பொறுக்குகிறவள் குரல். திரும்பிப் பார்த்தால் அந்தத் திசையில் ஆளே இருக்காது.

எண்பத்திரண்டாம் வருடம் அழகேசன் அந்தக் கேட்டு வேலையைக் கேட்டு வாங்கினான். பைத்தியமா என்று கேட்டார்கள். அவன் காரணம் சொல்லவில்லை. அவனுடைய மனைவி திலகத்துக்கு மட்டும் காரணம் தெரியும்.

திலகம் செம்பனையின் உதிரிப்பழம் பொறுக்குகிற கூட்டத்தில் இருந்தவள். முப்பது வயதைத் தாண்டியவள், ஒல்லி, பேச்சு குறைவு. அவளுக்கு ஓர் ஆண் பிள்ளை பிறந்து, தவழத் தொடங்கிய வயதில் காய்ச்சலில் போய்விட்டது. லயத்து வரிசை வீட்டில் சுவருக்கு அந்தப் பக்கம் இருந்தவள் அடுத்த மாதமே பிள்ளை பெற்றாள். பலகைச் சுவர். அந்தப் பிள்ளை அழும்போதெல்லாம் திலகத்துக்கு மாரில் பால் கட்டிக்கொள்ளும். அழகேசன் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தான். ஒரு நாள் ஆபீசுக்குப் போய், தண்ணிக்கேட்டு வீடு காலியாகத்தானே இருக்கிறது என்று கணக்கு எழுதுகிற கிராணியிடம் கேட்டுவிட்டு வந்தான்.

பிள்ளை போன துக்கத்தில்தான் அவள் கோலசிலாங்கூரில் ஒரு கடைவீட்டு மாடியில் கூடிய சபைக்குப் போகத் தொடங்கியிருந்தாள். அழகேசன் தடுக்கவில்லை, கூடவும் போகவில்லை. ஞானஸ்நானம் எடுத்தபோது பாஸ்டர் ஞானமுத்து, புதுப் பெயர் வைத்துக்கொள்கிறாயா என்று கேட்டார். வேண்டாம் என்றுவிட்டாள். லயத்துப் பெண்கள் இதை வைத்துக் கேலி செய்தார்கள். பேர் திலகம், நெற்றி வெறும் நெற்றி என்றார்கள். அவள் சிரித்துக்கொண்டே குனிந்து போய்விடுவாள். அவளுடைய விசுவாசமும் அப்படித்தான் இருந்தது, குனிந்தபடி. கடவுளிடம் பேசும்போதுகூட, பெரிய வீட்டுப் பின்வாசலில் நின்று யாராவது எட்டிப் பார்ப்பார்களா என்று காத்திருக்கிற வேலைக்காரியைப்போல நின்றாள்.

புது வீட்டில் முதல் சில மாதங்கள் நன்றாகவே போயின. திலகம் வாசலில் கத்திரியும் வெண்டையும் போட்டாள். மாலையில் கறுப்புக் குரங்குகள் காட்டிலிருந்து கரைக்கு வந்து உட்காரும். சேற்றில் கண் பிதுங்கிய சின்ன மீன்கள் துள்ளித் துள்ளி ஓடும். யாரும் அவர்களைக் கூப்பிடவில்லை.

பிறகு ஒரு மத்தியானம் அவள் வேலை முடிந்து வந்தபோது அழகேசன் தொடைவரை சேற்றோடு வீட்டு வாசலில் நின்றுகொண்டிருந்தான். அவளைக் கண்டதும் அவன் முகம் மாறியது.

“நீ அந்தப் பக்கம்தானே நின்ன?” என்று கேட்டான்.

“நான் இப்பதான் லோரிய விட்டு எறங்கி வர்றேன்.”

“கூப்புட்டியே புள்ள. ரெண்டு தடவ கூப்புட்ட. நானும் வர்றேன்னு சொன்னேன்.”

அவன் பதில் சொல்லிவிட்டான் என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது.

அன்றிலிருந்து அவன் கொஞ்சம் கொஞ்சமாக வேறு ஆளாகிக்கொண்டே போனான். வேலையில் ஒரு குறையும் இல்லை; நேரத்துக்குக் கேட்டை ஏற்றினான், இறக்கினான். ஆனால் குழம்பில் உப்பு போடாதே என்றான். கரையில் உட்கார்ந்தால் தோட்டத்துக்கு முதுகைக் காட்டியே உட்கார்ந்தான். சேற்று மீன்கள் அவன் காலடியில் வந்து கூடின. அவன் காலை அசைத்தாலும் ஓடவில்லை. குரங்குகள் வருவதை நிறுத்திவிட்டன. வளர்த்த நாய் வாசல்வரை வந்து, அவன் உள்ளே இருப்பது தெரிந்தால் திரும்பிப் போய்விடும்.

ஒரு நாள் உடம்பு சரியில்லாமல் திலகம் வேலைக்குப் போகவில்லை. வெயில் ஏறியிருந்தது. அடுப்படியில் நின்று மீன் கழுவிக்கொண்டிருந்தாள். வெளியே கரையில் அழகேசன் தாழ்ந்த குரலில் யாரிடமோ பேசுவது கேட்டது. மண்டோர் வந்திருப்பார் என்று நினைத்துக் காதைக் கொடுத்தாள். அழகேசனுக்குப் பதில் வந்தது. அது அவளுடைய சொந்தக் குரல்.

மீன் கையில் இருந்தபடியே நின்றாள். வெளியே அவள் குரல் பேசிக்கொண்டிருந்தது. பிள்ளையைப் புதைத்துவிட்டு வந்த அன்று, லயத்து வீட்டின் கதவைச் சாத்திக்கொண்டு, அழகேசனுடைய சட்டையில் முகத்தை வைத்து அவள் சொன்ன வார்த்தைகள். அவனைத் தவிர யாரும் கேட்டிராதவை. அவற்றை அதே இழுப்போடு, நடுவில் மூக்கை உறிஞ்சுகிற சத்தத்தோடு, அது திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தது. அழகேசன் “அழுவாத புள்ள” என்று தண்ணீரைப் பார்த்துச் சொன்னான்.

அவள் வாயைத் திறந்து, இங்கே இருக்கிறேன் என்று கத்த நினைத்தாள். சத்தம் வரவில்லை. தன் குரலை யாரோ எடுத்துக்கொண்டு போய்விட்டதுபோல இருந்தது.

மறுநாளே பஸ் ஏறி பாஸ்டரிடம் போனாள். அந்த ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் அவர் சபை ஆட்கள் சிலரோடு வேனில் வந்தார். வீட்டுக்குள்ளும் கரையிலும் நின்று உரத்த குரலில் வெகுநேரம் ஜெபித்தார்கள். அழகேசன் ஒரு மறுப்பும் சொல்லவில்லை. எல்லாருக்கும் நாற்காலி எடுத்துப் போட்டான். கோப்பி கலக்கிக் கொடுத்தான். அவர்கள் ஜெபிக்கும்போது, விளையாடும் பிள்ளைகளைப் பார்ப்பதுபோலச் சிரித்துக்கொண்டிருந்தான்.

அவர்கள் கிளம்பிக் கரைவழியே வேனை நோக்கி நடந்தார்கள். பாஸ்டர் கடைசியாகப் போனார். திடீரென்று நின்று காட்டுப் பக்கம் திரும்பி, “என்னம்மா?” என்று கேட்டார். திலகம் அவருக்கு நேர் எதிர்ப்பக்கம், வாசலில் நின்றுகொண்டிருந்தாள். அவள் வாய் திறக்கவே இல்லை. பாஸ்டர் அவளைப் பார்த்தார், மறுபடி காட்டைப் பார்த்தார். வேகமாக நடந்து வேனில் ஏறிக்கொண்டார்.

அடுத்த வாரம் அவரைப் பார்க்கப் போனபோது காய்ச்சலில் படுத்திருந்தார். மனிதர் நல்லவர், மழுப்பவில்லை. தனக்குப் பயமாக இருந்ததென்று ஒப்புக்கொண்டார். மறுபடி எப்போது வருவீர்கள் என்று அவள் கேட்டாள். 

“நான் வர்றேன்மா, வரலன்னு சொல்லல. ஆனா நான் அங்க விருந்தாளி. நீங்கதான் வீட்டுக்காரி. ஜெபிக்க என்கிட்ட எந்தப் பேரு இருக்கோ அதே பேருதான் ஒங்ககிட்டயும் இருக்கு. எனக்குன்னு தனியா ஒண்ணும் குடுக்கல.”

இதைச் சொல்லி அனுப்பிவிடப் பார்க்கிறார் என்றுதான் அவளுக்குப் பட்டது. பஸ்சில் வரும் வழியெல்லாம் அழுதுகொண்டு வந்தாள். தோட்டத்துக் கோயில் பூசாரி ரெங்கசாமி கல்ரோட்டு முனையில் அவளைக் கண்டு சைக்கிளை நிறுத்தினார். விஷயம் அவருக்கும் எட்டியிருந்தது. தானும் அந்தக் கரைக்குப் போய் நின்று பார்த்ததாகவும், அங்கே இருப்பது எந்தச் சாமியும் இல்லை, சாமி யாருடைய குரலையும் திருடாது என்றும் சொன்னார். நீ எங்களை விட்டுப் போனதில் எனக்கு வருத்தம் உண்டு, ஆனால் போன இடத்திலாவது நிமிர்ந்து நில் என்று சொல்லிவிட்டு சைக்கிளை மிதித்தார். அந்தச் சொல் அவளுக்குப் பாஸ்டர் சொன்னதைவிட அதிகமாக வலித்தது.

வருடக் கடைசியில் பெரிய தண்ணீர் வரும். அமாவாசையை ஒட்டிக் கடல் வழக்கத்தைவிட உயரமாக ஏறும். அந்த வருடம் மழையும் சேர்ந்துகொண்டது. காலையிலிருந்து விடாத தூறல். பழம் வெட்டு நிறுத்தப்பட்டு, ஆண்கள் எல்லாரும் மண்மூட்டை போடுவதற்குக் கரையின் தாழ்ந்த இடத்துக்குப் போயிருந்தார்கள். திலகம் வீட்டில் இருந்தாள். மத்தியானத்துக்கு மேல் சக்கரம் கிறீச்சிடும் சத்தம் கேட்டது. இறக்கி வைத்த பலகையை யாரும் தொடக்கூடாத நேரம் அது.

ஓடி வந்தாள். அழகேசன் கேட்டின் மேல் நின்று சக்கரத்தைச் சுற்றிக்கொண்டிருந்தான். பலகை முக்கால்வாசி ஏறிவிட்டது. பழுப்புத் தண்ணீர் இரைந்துகொண்டு உள் கால்வாய்க்குள் பாய்ந்தது. காட்டுப் பக்கம் வேர்களெல்லாம் மூழ்கி, மரங்கள் தண்ணீரின் மேலேயே முளைத்தவைபோல நின்றன. அங்கிருந்து அவள் குரல், அவசரமில்லாமல், அன்பாக, “இன்னும் கொஞ்சம்ங்க. இன்னும் கொஞ்சம்” என்று சொல்லிக்கொண்டிருந்தது.

அவள் சக்கரத்தைப் பிடித்தாள். அவன் கையைத் தள்ளினாள். அவன் எதிர்க்கவில்லை, சுற்றுவதை நிறுத்தவும் இல்லை. யேசுவே, யேசுவே என்று உள்ளுக்குள் கெஞ்சிக்கொண்டே இழுத்தாள். அப்போது காட்டிலிருந்து வந்த அவள் குரல் நின்றது. மழைச் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு காட்டுக்குள்ளிருந்து ஒரு சின்னக் குரல் கூப்பிட்டது.

“அம்மா.”

திலகத்தின் கை சக்கரத்திலிருந்து நழுவியது.

“அம்மா. குளுருது. தூக்கு.”

அவள் கால்கள் அவளைக் கேட்காமல் நடந்தன. கேட்டின் வெளிவிளிம்புக்கு வந்துவிட்டாள். தண்ணீர் பாதத்தை நக்கிக்கொண்டிருந்தது. ஒரு மரத்துக்குப் பின்னால் ஏதோ வெளுப்பாக, அரை ஆள் உயரத்தில், அவள் வருவதற்காகக் காத்திருந்தது. அவள் மார் கனத்தது. இரண்டு கையும் தானாக நீண்டன.

அம்மா.

அந்தச் சொல்லைத்தான் அவள் பிடித்துக்கொண்டாள். அல்லது அந்தச் சொல் அவளைப் பிடித்து நிறுத்தியது. எப்படி என்று பிற்பாடு அவளாலேயே சொல்ல முடிந்ததில்லை. அவள் பிள்ளை ஒருநாளும் அம்மா என்று சொன்னதில்லை. பேச்சு வருவதற்கு முன்பே போய்விட்டான். எத்தனையோ பகல் அவள் அந்த ஒரு சொல்லுக்காக ஏங்கியிருக்கிறாள். அந்த ஏக்கம் இதற்குத் தெரிந்திருந்தது. பிள்ளையை இதற்குத் தெரியவில்லை.

இவ்வளவுதானா என்று அவளுக்குத் தோன்றியது. இவ்வளவு பெரிய பயத்துக்கும் பின்னால், கேட்டதைத் திருப்பிச் சொல்லவும் கேட்காததைக் கற்பனை செய்யவும் தெரிந்த ஒன்று. இதற்குச் சொந்தமாக ஒரு குரல்கூட இல்லை. அவள் பிள்ளை யாரிடம் இருக்கிறான் என்பது அவளுக்குத் தெரியும். அதே கையில்தான் தானும் இருக்கிறாள் என்பது அந்த விளிம்பில் நின்றபோதுதான் தெரிந்தது. பின்வாசலில் யாரும் அவளை நிற்கச் சொல்லவில்லை. அவளாகத்தான் அத்தனை நாளும் நின்றிருந்தாள்.

நீட்டிய கைகளை இறக்கினாள். முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

“எம்புள்ள பேசுனதில்ல,” என்றாள். “அவன் இருக்குற எடம் எனக்குத் தெரியும். நீ அவன் இல்ல. நான் யேசுவோட மக. அவரு பேருல சொல்றேன், எங்குரல வச்சிட்டுப் போ. எங்க வீட்டுக்காரர விட்டுட்டுப் போ. இந்தக் கர பக்கம் ஒனக்கு ஒரு வேலயும் இல்ல.”

மண்மூட்டை போட்டுக்கொண்டிருந்த இடத்திலிருந்து மண்டோர் இருசப்பன், கால்வாயில் தண்ணீர் ஏறுவதைக் கண்டு ஓடி வந்தவர், கொஞ்ச தூரத்தில் இதைக் கேட்டுக்கொண்டு நின்றார். பிற்காலத்தில் அவர் இந்தக் கதையை யார் கேட்டாலும் சொல்வார். பாஸ்டர் கூட்டம் போட்ட சத்தத்தில் பாதிகூட அந்தம்மா போடவில்லை லா, வெண்டைப் பாத்தியில் மேய்கிற ஆட்டை விரட்டுகிற மாதிரித்தான் பேசியது என்பார்.

வெளுப்பாக நின்றது அசையவில்லை. திலகம் அதற்கு முதுகைக் காட்டித் திரும்பினாள். அதுதான் அன்றைக்கு அவள் செய்ததிலேயே கடினமான காரியம்.  பின்னாலிருந்து ஒரு சின்னக் கை சேலையைப் பிடித்து இழுப்பதுபோல ஒரு தரம் தோன்றியது. திரும்பாமல் சக்கரத்திடம் போய் இறக்கத் தொடங்கினாள். ஏறுகிற தண்ணீரின் பலத்துக்கு எதிராகப் பலகை இறங்க மறுத்தது. பாதி இறங்கியபோது அவள் கைக்குப் பக்கத்தில் இன்னொரு கை வந்து சேர்ந்தது. அழகேசனின் கை. அவன் முகத்தில் மழையோடு கண்ணீரும் வழிந்தது. அவன் தோட்டத்தைப் பார்த்து நின்றான். இருசப்பனும் வந்து பிடித்தார். பலகை அடியில் போய் உட்கார்ந்தது.

அழகேசன் பல நாள் காய்ச்சலில் கிடந்தான். ஒரு காலையில் எழுந்து, கஞ்சிக்குக் கருவாடு சுட்டுக் கொடு என்றான். பிழைத்துக்கொண்டான். ஆனால் பெரிய தண்ணீரின்போது நடந்ததெல்லாம் அவனுக்கு யாருக்கோ நடந்ததைப்போலத்தான் நினைவிருந்தது. கேட்டுச் சக்கரத்தை மட்டும் அவன் அதன் பிறகு தொடவே இல்லை. கால்வாய் ஓரத்து மரங்கள் பல கருகிப்போனதால் தோட்டத்துத் துரை அவனை வேலையைவிட்டு நீக்குவதாக இருந்தார். திலகம் ஆபீசுக்குப் போய், அவரை மறுபடி தோட்டத்துக்குள் வேலைக்கு மாற்றுங்கள், கேட்டை நான் பார்க்கிறேன் என்றாள். கிராணி சிரித்தார். துரை சிரிக்கவில்லை. அந்த வீட்டில் குடியிருக்க வேறு யாரும் வரமாட்டார்கள் என்பது அவருக்குத் தெரியும். தோட்டத்தில் அந்தக் கேட்டு வேலை ஒரு பெண்ணிடம் வந்தது அதுதான் முதல் தடவை.

பிறகு சனங்கள் வரத் தொடங்கினார்கள். திருநீறு ஊதிக் கொடு என்றும், எலுமிச்சம்பழத்தைத் தொட்டுக் கொடு என்றும் கேட்டார்கள். பேயை விரட்டினவள் என்று மரியாதையாக விலகி நடந்தார்கள். கேலியைவிட இது அவளுக்கு அதிகச் சங்கடமாக இருந்தது. தன்னிடம் ஒன்றுமில்லை, வேண்டுமானால் உட்காருங்கள், சேர்ந்து ஜெபம் செய்யலாம், முதலில் பசியாறுங்கள் என்பாள். சிலர் ஏமாந்து போனார்கள். சிலர் உட்கார்ந்தார்கள்.

சில வருடங்கள் கழித்து அப்படி வந்து உட்கார்ந்தவர்களில் காளியம்மாவும் ஒருத்தி. லயத்தில் சுவருக்கு அந்தப் பக்கம் இருந்தவள். புல் வெட்டும்போது தவறிப்போய்க் குரலுக்குப் பதில் சொல்லிவிட்டு, நடுங்கிக்கொண்டே வந்தாள். திலகம் அவள் கையைப் பிடித்துக் கேட்டுக்கே கூட்டிப் போனாள். தண்ணீர் ஏறி முடிக்கிறவரை இரண்டு பேரும் கரையில் உட்கார்ந்திருந்தார்கள். காட்டுக்குள்ளிருந்து ஒரு தரம் கூப்பாடு வந்தது. காளியம்மா கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

“கண்ணத் தொற அக்கா,” என்றாள் திலகம். “ஒம்பேரு அதுக்குத் தெரியும். ஆனா நீ அதுக்குச் சொந்தம் இல்ல.”

அன்று அவர்கள் காளியம்மாவின் பையனைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தார்கள். அவன் பாலர் பள்ளிக்குப் போகத் தொடங்கியிருந்தான். திலகம் அவனைப் பற்றிக் கேள்விமேல் கேள்வியாகக் கேட்டாள்.

எண்பத்தெட்டில் புதுக் கேட்டு போட இடம் பார்க்க கவர்மெண்டு இஞ்சினியர் ஒருவர் வந்தார். பத்தாங் காலிப் பக்கத்துத் தமிழ்ப் பையன், படித்தவன், சாமான்களைக் கரையில் பரப்பி வைத்து அளந்துகொண்டிருந்தான். வெயில் உச்சிக்கு வந்த நேரம். திடீரென்று நிமிர்ந்து காட்டைப் பார்த்தான். பிறகு திலகத்தைப் பார்த்தான். அவன் உதடு வெளுத்திருந்தது. தன் அக்காவின் குரல் கேட்டதாகவும், அவள் இப்போது இங்கிலாந்தில் இருப்பதாகவும் சொன்னான். அங்கே யாராவது இருக்கிறார்களா என்று கேட்டான்.

திலகம் பொய் சொல்லவில்லை.

“என்னமோ இருக்கு தம்பி,” என்றாள். “இருந்தா இருந்துட்டுப் போவட்டும். நானும் இங்கதானே இருக்கேன்.”

பிறகு வீட்டுக்குள் போய் அவனுக்குக் கோப்பி கலக்கினாள். தண்ணீர் வற்றத் தொடங்கியிருந்தது. அவன் குடித்து முடிப்பதற்குள் கேட்டைத் தூக்கிவிட வேண்டும் என்று முந்தானையைச் செருகிக்கொண்டு கரையேறினாள்.